நாலு அடி

போன வருஷம் ஐப்பசியில் அம்மா வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பின்பக்கம் தம்பி போட்டிருக்கிற ஷெட் அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லை, காலியாக விட்டிருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, அதன் கூரைத் தண்ணீர் அடுத்த மனைக்குள் விழுகிறது, இத்தனை நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். அரைப்பக்கம்தான். யார் புகார் கொடுத்தது என்று அதில் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே வீடு, பெரியம்மா வீடு. அவர் எங்களுக்கு உறவில் பெரியம்மா கிடையாது. அப்பாவும் அந்த வீட்டுப் பெரியப்பாவும் முன்னப்பின்ன மனை வாங்கி, ஒரே கிணற்றுத் தண்ணீரில் வீடு கட்டியவர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பெரியம்மாதான். என் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்ற நாலு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தவர்.

தம்பி போனில் கொதித்தான். "ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமில்லக்கா? நாம என்ன அவங்களுக்கு யாரோவா?" எனக்கும் அதே கோபம்தான் வந்தது. முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு மனுவில் முடித்துவிட்டார்களே என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அம்மா வீடும் சேலம்தான், நான் அதே ஊரில் சூரமங்கலத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் போய் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்கப் போய் நான் பார்த்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருஷம் ஒன்று ஆகியும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கிளுவை

எங்கள் வீடு அஸ்தம்பட்டி தாண்டி, வாசலில் நின்றால் ஏற்காடு மலை தெரிகிற பக்கம். 1988இல் அப்பா அஞ்சு சென்ட் மனை வாங்கியபோது சுற்றிலும் சோளக்காடு. பின்பக்க எல்லையில் அதற்கு முன்னாலிருந்தே கிளுவை வேலி இருந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கிளுவையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் குச்சி குச்சியாக மொட்டையாக நிற்கும், செத்தே போய்விட்டது என்று நினைப்போம், முதல் மழை விழுந்த வாரத்திலேயே பச்சை விட்டுவிடும். போத்து வெட்டி நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் வண்டித்தடம் என்று எத்தனை இட்டேரிகள் இருந்தன, எல்லாம் இப்போது தார் ரோடு.

அந்த வேலிக்கு மூணு அடி அகலம் இருக்கும். நான் அடிக்கடி யோசிப்பது இந்த அகலத்தைப் பற்றித்தான். அதற்குள் பிரண்டை ஏறிக் கிடக்கும், கோவைக்கொடி ஏறிக் கிடக்கும், செம்போத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் பூராவும் கத்தும். கோவைப்பழத்தைச் சிலேட்டில் தேய்த்த கை வாசம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த மூணு அடி யாருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் நீட்டியதை அவர்கள் கழித்தார்கள், இந்தப் பக்கம் நீட்டியதை அப்பா கழித்தார். பிரண்டையை யாருக்கு வேண்டுமோ அவர்கள் ஒடித்துக்கொண்டார்கள். கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குக் கடவு ஒன்று இருந்தது. குழம்புக் கிண்ணமும் செய்தித்தாளும் அம்மா கேட்கும் உறைமோரும் அதன் வழியாகத்தான் போய் வந்தன.

2011இல் ஒரு கண்ணாடிவிரியன் எங்கள் சமையல்கட்டு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. அதோடு வேலிக்கு நாள் குறிக்கப்பட்டது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே அளக்க மனு போட்டார்கள். சர்வேயர் புலப்படத்தோடு, அதாவது நில அளவை வரைபடத்தோடு, வந்தார். அதில் அளவெல்லாம் லிங்க்ஸ் கணக்கு. நூறு லிங்க்ஸ் சேர்ந்தால் 66 அடி, ஒரு லிங்க்ஸ் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூலைக்கல்லைத் தேடி அரை நாள் போனது. கடைசியில் கிளுவைத் தூர் ஒன்றை வெட்டினால் அதன் வேருக்குள் கல் இருந்தது. வேர் அதைச் சுற்றி வளர்ந்து, கல்லின் தலை மட்டும் உள்ளங்கை அளவு தெரிந்தது. அப்பா மண்ணைத் துடைத்துவிட்டு மேலே வெட்டியிருந்த குறியைப் பெரியப்பாவுக்குக் காட்டினார். வேலி ஓரிடத்தில் எங்கள் பக்கம் வளைந்திருந்தது, இன்னோர் இடத்தில் அவர்கள் பக்கம் வளைந்திருந்தது, கூட்டிக் கழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. புலப்படத்தில் எல்லை என்பது பேனாக் கோடு. அதற்கு அகலம் கிடையாது.

பொதுவாக இன்ஜினியர்கள் சொல்வது, காம்பவுண்டு கட்டினால் கடைக்கால் உட்பட உன் இடத்துக்குள் கட்டு என்பது. அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கேட்கவில்லை. கோட்டின் மேலேயே ஹாலோபிளாக் கல் வைத்து ஒரே சுவர், செலவு பாதிப் பாதி, ஒரு வெள்ளைத்தாளில் பொதுச்சுவர் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு சுவருக்கு ரெண்டு சுவர் எதற்கு என்பது அப்பாவின் வாதம். ஆளுக்கு ஒன்றரை அடி இடம் கூடுதலாகக் கிடைத்த மாதிரி ஆனது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சுவர் எழும்பியபோது கடவு வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். நாய் வரும் என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டுமானால் தெருவைச் சுற்றிக்கொண்டு அஞ்சு நிமிஷம் நடக்க வேண்டும். அந்த அஞ்சு நிமிஷம் எங்களை எவ்வளவு தூரம் தள்ளிவைத்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஷெட்

அப்பா 2016இல் போய்விட்டார். கொரோனாவில் தம்பியின் வேலை போனது. சேலத்தில் வேலை போனவனுக்கு ஊரே ஒரு வழி வைத்திருக்கிறது, வீட்டோடு ஒரு பட்டறை. அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறி, செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக்கொலுசு. எத்தனை குடும்பங்கள் புழக்கடையில் ஒரு கூரை இறக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. தம்பி ஒரு நண்பனிடம் ஆறு மாசம் பழகிவிட்டு, கொலுசில் சலங்கைகளை நெருப்பில் பத்தவைத்து ஒட்டுகிற வேலையைக் கூலிக்கு எடுத்துச் செய்ய ஆரம்பித்தான். முதலில் திண்ணையில் செய்தான். சலங்கை ஒவ்வொன்றும் மிளகைவிடச் சின்னது, காற்றடித்தால் நெருப்பு நாக்கு ஆடும், பற்று சரியாகப் பிடிக்காது. கீழே விழும் தூளில் வெள்ளி இருக்கிறது, பெருக்கின மண்ணைக்கூட எடுத்து வைக்கணும். மூடின இடம் வேணும்க்கா என்றான்.

2022 தையில் ஷெட் போட்டோம். போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், இருபதாயிரம் நான் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பதினாலு அடி காலி இடம் இருந்தது. 12 அடிக்கு 10 அடி ஷெட். அம்மாவின் சமையல்கட்டு ஜன்னலுக்கும் பின்வாசலுக்கும் காற்று வேண்டும் என்று வீட்டை ஒட்டி நாலு அடி விட்டுவிட்டு, ஷெட்டைப் பின்னால் தள்ளிக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டினோம். பின்சுவர் கட்டுகிற செலவு மிச்சம். பொதுச்சுவரில் துளை போட்டு போல்ட் அடித்து ஆங்கிள் நிறுத்தி, மேலே நீலக் கலர் சீட். எங்கள் பக்கம் வாசல் உயரம் வேண்டும் என்பதால் சரிவு அந்தப் பக்கம். சுவரைத் தாண்டி முக்கால் அடி நீட்டினார்கள், இல்லையென்றால் சுவருக்குள் தண்ணீர் இறங்கும் என்று. வெல்டிங் பண்ண வந்தவர் மேலே நின்றுகொண்டே கேட்டார், "தண்ணி பூரா அந்தப் பக்கம் விழுமேங்க, பரவால்லீங்களா?" தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அது வெறும் சந்துதானுங்க" என்றான். நான் கீழே டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். என் காதிலும் விழுந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம்

அந்தச் சனிக்கிழமை நான் தெரு முனை திரும்பும்போதே மலை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மலை மறைந்தால் கால் மணி நேரத்தில் மழை. பெரியம்மா வீட்டு வாசலில் கால் வைக்கும்போது பிடித்துக்கொண்டது.

"என்ன கண்ணு இப்படி நனைஞ்சுட்டு வர்ற, உள்ள வா" என்று முந்தானையாலேயே என் தலையைத் துவட்டினார். சமையல்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னாடியே போனேன். மணி மூணரை இருக்கும், டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. "ஏன் பெரியம்மா, நோட்டீஸ் வர்ற அளவுக்கு..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மழை சீட்டில் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கேட்கும்போது மழைச் சத்தம் மாதிரி இருப்பது, அங்கே நாலு அடி தூரத்தில், ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கல் கொட்டுகிற மாதிரி இருந்தது. அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கையால் ஜன்னலைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். சீட்டின் முழு நீளத்துக்கும், பன்னிரண்டு அடிக்கும், தண்ணீர் ஒரே திரையாக விழுந்தது. விழுந்து சந்தின் சிமென்ட் தரையில் அடித்து ஜன்னல் வலை வழியாக உள்ளே தெறித்தது. ஜன்னல் படியில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தார், அது ஊறிப் பிழிகிற மாதிரி இருந்தது. அதற்குக் கீழே சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தச் சுவரோரம்தான் முன்பு அடுப்பு மேடை இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அந்த மேடையில் உட்கார்ந்து பணியாரம் தின்றிருக்கிறேன். இப்போது கேஸ் அடுப்பை எதிர்ச் சுவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு மாற்றியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியவில்லை. நீல சீட்டின் விளிம்பும், போல்ட்டுகளும், எங்கள் ஷெட்டின் பின்முதுகும் தெரிந்தன. அதை அந்தப் பக்கத்திலிருந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. கட்டினவர்கள் யாருமே பார்த்திருக்கவில்லை.

மழை தணிய அரை மணி நேரம் ஆனது. அதுவரை ரெண்டு பேரும் வெங்காயம் உரித்தோம். அப்புறம்தான் அவர் பேசினார். "உங்க அம்மாகிட்ட ரெண்டு தரம் சொன்னேன் கண்ணு. பையன் பொழப்பு அக்கா, இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கங்கன்னா. சரின்னு விட்டுட்டேன். போன மாசம் லைட்டு போட சுவிட்சுல கைய வெச்சேன், சுர்ருன்னு இழுத்துச்சு. அதுக்கப்புறம்தான் உங்க அண்ணன் போய் எழுதிக் குடுத்தான்." அண்ணன் என்றது அவர் மகனை. அம்மா எங்கள் ரெண்டு பேரிடமும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "இந்தச் சமையல்கட்டை உங்க பெரியப்பா பதினோரு அடி வேணும்னாரு. படம் போட்டவரு, பின்னாடி நாலு அடி விட்டே ஆகணும்னுட்டாரு. ஏழு அடியில கட்டினோம். அலமாரிகூட வைக்க முடியல. இத்தனை வருஷம் இந்த ஏழு அடியிலதான் சமைச்சேன். விட்ட நாலு அடியில காத்தும் வெளிச்சமுமாவது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல, நாலு அடியும் இல்ல."

விதி யாருக்கு

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கணக்குதான் மனதில். வீட்டைச் சுற்றி இடம் விடச் சொல்லும் விதியை நம் ஊரில் யாரும் நல்ல வார்த்தையால் பேசிக் கேட்டதில்லை. "அவ்வளவு விலை குடுத்து வாங்கின எடம், வீணாப் போகுது" என்பார்கள். அஞ்சு சென்ட் என்றால் 2178 சதுர அடி, அதில் முன்னால் இவ்வளவு பின்னால் இவ்வளவு என்று கழித்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஆனால் என் மனையில் நான் விடுகிற நாலு அடியால் முதலில் பிழைப்பது என் வீடு கிடையாது, அடுத்த வீட்டு ஜன்னல். அவர்கள் விடுகிற நாலு அடியால் பிழைப்பது என் ஜன்னல். ரெண்டு பேரும் விட்டால்தான் ரெண்டு பேருக்கும் அது சந்து. ஒருத்தர் மூடிவிட்டால், மற்றவர் ஏழு அடியில் சுருங்கிச் சமைத்து மிச்சம் பிடித்த இடம் வெறும் இருட்டுக் குழியாகிவிடுகிறது. நாங்கள் எடுத்தது எங்கள் இடத்தை மட்டும் என்று நினைத்தோம். எடுத்தது அவர்கள் இடத்தையும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது நடைமுறை. கட்டடத்தின் உயரம், மனையின் அளவு, முன்னால் இருக்கும் ரோட்டின் அகலம் இவற்றைப் பார்த்து முன், பின், பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்படி விட்ட இடத்தில் காம்பவுண்டு, கிணறு, தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், சின்னதாக ஒரு மோட்டார் ரூம் இந்த மாதிரி சிலவற்றுக்குத்தான் இடம். கூரை போட்டு உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறை அதில் வராது. சுவர் எழுப்பவில்லை, தகரம்தானே, நாளைக்கே கழற்றிவிடலாமே என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஜன்னலுக்குத் தகரமும் கான்கிரீட்டும் ஒன்றுதான்.

மழைத்தண்ணீர் விஷயம் இதைவிட நேரடியானது. என் கூரைத் தண்ணீரை உன் மனையில் கொட்ட எனக்கு இயல்பாக உரிமை எதுவும் இல்லை. 12 அடிக்கு 10 அடி சீட்டில், நீட்டின முக்கால் அடியையும் சேர்த்தால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் இறங்கும். எட்டுக் குடம். எட்டுக் குடம் தண்ணீரை நான் சுவருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொட்டினால் ஊர் சும்மா விடுமா? 2003இல் எல்லாரும் மழைநீர் சேகரிப்பு வைத்தாக வேண்டும் என்று அரசு சட்டம் போட்டபோது அப்பா தெருவிலேயே முதல் ஆளாகத் தொட்டி எடுத்தார், கூழாங்கல்லுக்கு எங்கெங்கோ அலைந்தார். மொட்டை மாடித் தண்ணீர் இன்றைக்கும் அதில்தான் இறங்குகிறது. பின்னால் போட்ட சீட்டின் தண்ணீரைப் பிடிக்க ஒரு தகரப் பட்டையும் ஒரு பைப்பும் வைத்துத் திருப்பிவிட எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டாயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

வெளிச்சத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஆங்கிலத்தில் ஈஸ்மென்ட் ஆக்ட் என்பது. ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால் அது அந்தக் கட்டடத்தின் உரிமையாகிவிடுகிறது. பெரியம்மா வீட்டு ஜன்னல் 1994இல் வைத்தது. நாங்கள் ஷெட் போட்டபோது அதற்கு 28 வயது. அவர்கள் கோர்ட்டுக்கே போயிருக்கலாம். பொதுச்சுவரில் ஒருத்தர் மட்டும் கேட்காமல் பாரம் ஏற்றியதற்கும் சேர்த்தே போயிருக்கலாம். ஒரு மனு எழுதிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்பது எனக்கு உறுத்துகிறது. நான் படித்தவள், தம்பி படித்தவன். அனுமதி வாங்கின வரைபடம் அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வீட்டுக்கடனுக்காக எடுத்ததோடு சரி, அதில் காலியாகக் காட்டியிருக்கும் இடம் ஒரு வாக்குறுதி என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அனுமதி கொடுக்கும்போதே ஒரு பக்கத்தில், எளிய தமிழில், இந்தக் காலி இடத்தில் இன்னது வைக்கலாம், இன்னது கூடாது, கூரைத் தண்ணீர் உங்கள் மனைக்குள்ளேயே விழ வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்தால் பாதிச் சண்டை வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போது இது இன்னும் அவசியம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், 7 மீட்டர் உயரத்துக்குள் என்றால் இணையத்திலேயே விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிவிடலாம். அலைச்சல் மிச்சம், நல்ல காரியம். ஆனால் விட்டிருக்கிறேன் என்று சொல்பவரும் நாம், அதற்கு உறுதி தருபவரும் நாம். பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் பின்வீட்டுக்காரர்தான்.

இதே சமயத்தில் ஏற்காட்டில் என் கணவரின் சித்தப்பாவிடம் ஒரு பேச்சு வந்தது. அவருக்கு அங்கே ஒரு ஏக்கர் காப்பித்தோட்டம். காட்டெருமை ராத்திரி ராத்திரி வேலியைச் சாய்த்துவிட்டுப் போகிறது. மின்வேலி போடலாமா என்றார். 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனி விதியே வந்துவிட்டது, வனத்துறையைக் கேட்காமல் செய்யக்கூடாது என்றேன். ஏற்கெனவே அங்கே வீடு கட்ட, மரம் வெட்ட எல்லாவற்றுக்கும் கூடுதலாகக் கேட்க வேண்டும். மரத்துக்கு 1955லிருந்தே சட்டம், கட்டடத்துக்கு 1990லிருந்து மலைப் பகுதிக்கென்று தனிக் குழு. "எல்லாத்துக்கும் கட்டுப்பாடு, எடம் யாருது?" என்று அலுத்துக்கொண்டார். நோட்டீஸ் வருவதற்கு முன்னால் என்றால் நானும் சேர்ந்து அலுத்துக்கொண்டிருப்பேன். காட்டெருமையால் மனு எழுதிக் கொடுக்க முடியாது, அதுக்காக வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. வேலிக்குக் குச்சி நட்டுக் கம்பி கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவின் ஜன்னல்

தம்பியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, அடுத்த மழைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் உள்ளே வரவில்லை. பெரியம்மா வீட்டுப் பக்கவாட்டில் நின்று சந்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் ஒரு யோசனை சொன்னான். ஷெட்டைச் சுவரிலிருந்து பிரித்து நாலு அடி முன்னால் இழுத்து நம் வீட்டோடு ஒட்டிவிடலாம், தண்ணீரையும் நம் பக்கம் திருப்பிவிடலாம், அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள், "என் அடுப்படி இருட்டாயிடுமே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே எட்டியது போல. கீரையை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் தம்பியும் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா ரெண்டு தரம் சொன்னதை எங்களிடம் ஏன் மறைத்தாய் என்று அவளை நான் கேட்க நினைத்திருந்தேன். அதற்கு அப்புறம் கேட்கத் தோன்றவில்லை. அப்படி இழுத்து ஒட்டினாலும் வரைபடத்தில் இல்லாத கட்டுமானம்தான் என்பது வேறு விஷயம்.

அகற்றிவிடுகிறோம் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தோம். கார்த்திகையில் கழற்றினோம், அதே வெல்டிங்காரர்தான் வந்தார். சீட்டும் ஆங்கிளும் பாதி விலைக்குப் போனது. தம்பி ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்திருக்கிறான், மாசம் 3500 வாடகை. கூலி வேலையில் அது சின்னத் தொகை இல்லை. அவனுக்கு மனத்தாங்கல் இருக்கிறது. சரி என்று தெரிந்து செய்ததாலேயே வலிக்காமல் போய்விடாது, இதை நான் அவனிடம் பேசிப் பார்த்து விட்டுவிட்டேன். பெரியம்மா வீட்டில் சுவர் காய்வதற்கு மாசி ஆனது. கொத்திவிட்டு மறுபடி பூசினார்கள். அடுப்பு பழைய மேடைக்குப் போய்விட்டது.

பொதுச்சுவரில் போல்ட் அடித்த துளைகள் பதினாறு இன்னும் அப்படியே இருக்கின்றன. விரல் போகிற அளவு. இந்த மழைக்கு முன்னால் அடைக்காவிட்டால் ஹாலோபிளாக்குக்குள் தண்ணீர் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அண்ணனிடம் சொன்னேன், ரெண்டு பக்கமும் நாங்களே பூசித் தந்துவிடுகிறோம் என்று. "பொதுச்சுவர்தானம்மா, பாதி நாங்க தர்றோம்" என்றார். வேண்டாம் அண்ணா, துளை போட்டது நாங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. தம்பியிடம் சொன்னதற்கு, பாதிப் பணம் வாங்கக்கூடாது என்று மட்டும் சொன்னான். சிமென்ட் அவனே வாங்கி வைத்திருக்கிறான், ஒரு மூட்டை, பின்வாசல் பக்கம் சாய்த்து வைத்து மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறான்.